ஏக்கப் பிளாஸ்திரி

குழந்தை பிறந்த நாற்பத்தோராம் நாள் மெஹர் மேடம் என்னிடம் கேட்ட முதல் கேள்வி, "நீ தூங்குறியா?" என்பது. அந்த நாற்பத்தொரு நாளில் குழந்தையைப் பற்றிக் கேட்காமல் என்னைப் பற்றிக் கேட்ட முதல் ஆள் அவர். அதனால் உண்மையைச் சொல்லிவிட்டேன்.

"தூங்குறேன் மேடம். அழுதா எந்திரிக்கிறேன். பால் குடுக்கிறேன். துணி மாத்துறேன். ஆனா எனக்கு ஒண்ணும் தோணல."

"ஒண்ணும்னா?"

"பக்கத்து வீட்டுக்காரங்க ஊருக்குப் போறப்ப பூனையைப் பாத்துக்கச் சொல்லிட்டுப் போனா எப்படி இருக்கும்? அப்படி."

அவர் சிரிக்கவில்லை. முகத்தைச் சுளிக்கவும் இல்லை. எழுதிக்கொண்டார்.

"பூனைக்கோ உனக்கோ ஏதாச்சும் பண்ணிடலாம்னு தோணியிருக்கா?"

"இல்ல." கொஞ்சம் யோசித்தேன். "எங்கயாச்சும் போயிடலாம்னு தோணியிருக்கு. தனியா."

"அந்த மாதிரி தோணினா நேரம் பாக்காம எனக்குப் போன் பண்ணணும். நம்பர் தர்றேன். இங்க யாரு அனுப்பி வச்சாங்க உன்னை?"

"யாரும் அனுப்பல. பெத்தா பாசம் தானா வரும்னு எல்லாரும் சொன்னாங்க. நாப்பது நாள் டைம் குடுத்தேன். வரல. வந்துட்டேன்."

அந்த அறை அரசு மருத்துவமனையின் பின்கட்டில், எக்ஸ்ரே அறைக்கு அடுத்து இருந்தது. பலகையில் 'பேறுகால மனநலப் பிரிவு' என்று எழுதியிருக்கும். விருத்தாசலத்தில் அதற்கு அழுவாச்சி ரூம் என்று பெயர். நான் அழவில்லை. என் பிரச்சினையே அதுதான்.

என் பெயர் இளவேனில். எம்.எஸ்சி. வேதியியல். எங்கள் வீட்டில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள். குடிநீர் வாரிய ஆய்வகத்தில் வேலை. ஊர் ஊராக வரும் தண்ணீர்ப் புட்டிகளைச் சோதித்து, குடிக்கலாம், குடிக்கக் கூடாது என்று எழுதுவேன். தண்ணீரிடம் எனக்குப் பிடித்தது, அது யார் முகத்துக்காகவும் பொய் சொல்லாது. மனுஷிகள் சொல்வார்கள். பிரசவ வார்டில் என் பக்கத்துக் கட்டில்காரிகள் எல்லாரும் குழந்தை முகத்தைப் பார்த்ததும் எல்லா வலியும் மறந்துபோச்சு என்றார்கள். எனக்கு எதுவும் மறக்கவில்லை. தையல் போட்ட நர்ஸின் கைக்கடிகாரத்தில் மணி நாலு பத்து என்பதுகூட ஞாபகம் இருக்கிறது.

"இன்னொண்ணும் சொல்லணும் மேடம். மூணு மாசம் முடியற வெள்ளிக்கிழமை குழந்தையை என் நாத்தனாருக்குக் குடுக்கறதா பேச்சு. நான் சரின்னு சொல்லிட்டேன்."

நாத்தனார் ஜெயக்கொடி. என் வீட்டுக்காரன் பிரதாப்புக்கு மூத்தவர். நான் அண்ணி என்று கூப்பிடுவேன். பன்னிரண்டு வருடமாகக் குழந்தை இல்லை. அடுத்த தெரு. தினமும் காலையில் வந்து பாப்பாவைக் காலில் போட்டுக் குளிப்பாட்டுவார். அவர் கால்மேல் கிடக்கும்போது அது ஒரு குழந்தை மாதிரி இருக்கும். என் கையில் வந்ததும் ஒரு பொட்டலம் மாதிரி ஆகிவிடும். ஒருநாள் அண்ணி, "நான் எடுத்துட்டுப் போயி வளக்கட்டுமா?" என்று சிரித்துக்கொண்டே கேட்டார். நான் சிரிக்காமல், "எடுத்துட்டுப் போங்க" என்றேன். அப்படித்தான் முடிவானது.

"உனக்குக் குடுக்க விருப்பமா?" என்று கேட்டார் மெஹர் மேடம்.

"குடுக்கணும்னு விருப்பம் இல்ல. வச்சுக்கணும்னும் விருப்பம் இல்ல. விருப்பம் வரணும்னு விருப்பம். அதுக்கு உங்ககிட்ட ஏதாச்சும் இருக்கா?"

அவர் பேனாவை மூடினார். ஐம்பதைத் தொட்டிருப்பார். காட்டன் புடவை, தலையில் முக்காடு, மேஜைமேல் ஒரு டப்பா நிறைய இஞ்சி மிட்டாய். "இது நோய் இளவேனில். கெட்ட குணம் இல்ல. பத்துப் பேர்ல ஒண்ணு ரெண்டு பேருக்கு ஏதோ ஒரு வடிவத்துல வருது. சில பேருக்கு அழுகையா வரும், சில பேருக்குக் கோபமா, உனக்கு வெறுமையா வந்திருக்கு. பேச்சு, தேவைப்பட்டா மாத்திரை, ரெண்டுலயும் சரியாகும். ஆனா உன்கிட்ட ஏழு வாரம்தான் இருக்கு. அதனால கூட ஒண்ணு சேக்கலாம்."

அதுதான் பிளாஸ்திரி. அரசாணையில் அதற்கு நீளமாக ஒரு பெயர் உண்டு. வார்டில் எல்லாரும் ஏக்கப் பிளாஸ்திரி என்பார்கள்.

"குழந்தையைப் பிரிஞ்ச அம்மாவோட உடம்பு ஒரு தினுசா நடந்துக்கும்" என்றார். "நெஞ்சு அடிச்சுக்கும். கை தேடும். பால் கட்டும். அந்த நடத்தையைப் பதிவு பண்ணலாம். கழுத்துல ஒரு பிளாஸ்திரி ஒட்டி இன்னொரு உடம்புல அதை மெதுவா ஓட்டலாம். ஞாபகம் வராது, முகம் வராது, பேரு வராது. உடம்பு மட்டும். உன் உடம்பு அதைப் பாத்துக் கத்துக்கும்."

"அடுத்தவ ஏக்கத்தை என் கழுத்துல ஒட்டப்போறீங்க."

"அடுப்பு பத்தலைன்னா பக்கத்து வீட்டுலேருந்து ஒரு கொள்ளி வாங்கிட்டு வர்ற மாதிரி."

"எங்க வீட்டுல இண்டக்‌ஷன் மேடம்."

அப்போதுதான் முதல்முறை சிரித்தார். ஒரு இஞ்சி மிட்டாயை என் பக்கம் தள்ளினார்.

இரத்தம் எடுத்தார்கள். தலையில் கம்பிகள் மாட்டி அரைமணி நேரம் உட்கார வைத்தார்கள். கண்ணாடியைக் கழற்றச் சொன்ன நர்ஸ், "கண்ணாடியோட வலது பக்கக் கம்பியில என்னம்மா இது, பஞ்சு சுத்தியிருக்க?" என்றாள். அந்தக் கம்பி எனக்கு எப்போதும் காதுக்குப் பின்னால் உறுத்தும். எத்தனை கண்ணாடி மாற்றினாலும் அதே இடம். பழகிவிட்டது.

இரண்டு நாள் கழித்து முடிவு வந்தது. எந்தப் பதிவு யாருக்குப் பொருந்தும் என்று கணினியே தேடி எடுக்கும். "வழக்கமா நாப்பது, அம்பது சதவீதம் பொருந்தும். உனக்குத் தொண்ணூத்தி மூணு வந்திருக்கு" என்றார் மெஹர் மேடம்.

"அது எப்படி?"

"சில பேருக்கு அமையும்." அதைச் சொல்லும்போது அவர் என்னைப் பார்க்காமல் காகிதத்தைப் பார்த்தார். ஆய்வகத்தில் அந்தப் பார்வையை எனக்குத் தெரியும். முடிவு ஒத்துவராத புட்டியை மேலதிகாரி அப்படித்தான் பார்ப்பார்.

மொத்தம் பன்னிரண்டு பிளாஸ்திரி. வாரத்துக்கு இரண்டு. ஒட்டிக்கொள்வது வீட்டில், மறுநாள் அவரிடம் போய் முக்கால் மணி நேரம் பேச்சு. பிளாஸ்திரி பாதி, பேச்சு பாதி, ஒன்றை விட்டால் இன்னொன்று வேலை செய்யாது என்று கண்டிப்பாகச் சொன்னார்.

முதல் இரண்டும் சும்மா கழுத்தில் அரிப்பைத் தந்தன.

மூன்றாவதை ஒட்டியது ஒரு செவ்வாய்க்கிழமை, வெயில் அடைப்பு நேரம். பதினோரு மணியிலிருந்து நாலு மணிவரை கடை கிடையாது, பஸ் கிடையாது, தெருவில் நாய்கூட நடக்காது. பிரதாப் வேலை பார்க்கும் கிடங்கில் மாட்டிக்கொண்டிருந்தான். பாப்பா தொட்டிலில். நான் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன். என் இடது இடுப்பு தானாக ஒருபக்கம் சாய்ந்தது.

சாய்ந்து நின்றது. இடது கை வளைந்து ஒரு வட்டம் போட்டது. அந்த வட்டத்துக்குள் ஒரு எடை இருக்க வேண்டும், அது இல்லை. இல்லாத எடை எவ்வளவு கனம் என்று என் கைக்கு அப்போது தெரிந்தது. நெஞ்சுக்குள் யாரோ துணி பிழிகிற மாதிரி ஒரு முறுக்கு. ஜாக்கெட் இரண்டு பக்கமும் நனைந்தது. வலது கை எழுந்து, ஒரு விரல் மட்டும் நீண்டு, காற்றில் ஏதோ ஓர் இடத்தைத் தேடிப் போய், தொடாமல் மயிரிழை தூரத்தில் நின்றது. உதடு குவிந்தது. ஊதினேன்.

யாருமில்லாத சமையலறையில், ஈரக்கையோடு, காற்றை ஊதிக்கொண்டு நின்றேன். பிறகு அழுதேன். நாற்பது நாள் வராத அழுகை எல்லாம் வந்தது.

ஓடிப்போய்ப் பாப்பாவைத் தூக்கினேன். இடுப்பில் வைத்தால் நிற்கவில்லை. தலை ஆடியது. நாலு கிலோதான் இருந்தது. என் கை பத்துக் கிலோ கேட்டது. என் உடம்பு முழுக்க ஒரே வார்த்தை: இது இல்லை.

மறுநாள் மெஹர் மேடத்தின் அறைக்குள் கதவைத் தட்டாமல் நுழைந்தேன்.

"யாரோட குழந்தை மேடம் அது?"

"உக்காரு."

"நான் உக்கார மாட்டேன். முன்னாடி எனக்கு ஒண்ணும் இல்லாம இருந்துச்சு. இப்ப யாரோ பெத்த, நடக்கற வயசுக் குழந்தைமேல எனக்கு உசிரு போகுது. என் குழந்தையைத் தூக்கினா இது இல்லைன்னு கை சொல்லுது. இதுக்குப் பேரு வைத்தியமா?"

அவர் தண்ணீர் ஊற்றிக் கொடுத்தார். குடித்தேன். உட்கார்ந்தும்விட்டேன்.

"அது கொஞ்ச நாள் அப்படித்தான் இருக்கும். இரவல் சட்டை மாதிரி. முதல்ல அவங்க உடம்பு அளவுல இருக்கும், போகப்போக உன் அளவுக்கு வரும். நீ அந்த நேரத்துல உன் குழந்தையைக் கீழ வைக்காதே. கை என்ன கேக்குதோ அதை இவகிட்டயே செய்."

"கொடுத்தவங்க யாரு?"

"பேரு சொல்ல முடியாது. சொல்லக்கூடியதை மட்டும் கேக்க உனக்கு உரிமை இருக்கு." ஒரு சீட்டை எடுத்து நீட்டினார். தானம் அளித்தவர் வயது இருபத்தாறு. குழந்தை பெண். பிரிந்தபோது குழந்தையின் வயது பத்தொன்பது மாதம். பதிவான இடம், அயல்நாட்டுப் பணிக்கு முந்தைய முகாம்.

"முகாம்னா?"

"வெளிநாட்டுக்கு வீட்டு வேலைக்குப் போற பொம்பளைங்களை ஏஜென்சிக்காரங்க பத்து நாள் தங்க வைப்பாங்க. அதுல நிறைய பேரு கைக்குழந்தையை விட்டுட்டு வர்றவங்க. அங்க போயி அழுவாங்க, சாப்பிட மாட்டாங்க, திரும்பி வந்துடுவாங்க. அதனால ஒரு வைத்தியம் கொண்டு வந்தாங்க. ஏக்கத்தைப் பதிவு பண்ணுவாங்க. பண்ணிட்டு, மூலத்தை மங்க வச்சிடுவாங்க."

"மங்க வைக்கறதுன்னா அழிக்கிறது."

"அப்ப அப்படிச் சொல்லல. மனசு லேசாகும்னுதான் சொன்னோம்." அவர் நிறுத்தினார். 'சொன்னோம்' என்று சொல்லிவிட்டதை இரண்டு பேருமே கவனித்தோம். "நான் அப்ப படிச்சு முடிச்ச புதுசு. மூணு மாசம் அங்க கவுன்சலரா இருந்தேன். கையெழுத்துப் போடறதுக்கு முன்னாடி அவங்ககிட்டப் பேசறது என் வேலை. அது நல்லதுன்னு நம்பித்தான் பேசினேன். பல வருஷம் கழிச்சு அதைத் தடை பண்ணாங்க. பதிவுகளை மட்டும் அரசாங்கம் எடுத்துக்கிச்சு."

"பிடுங்கிட்டு, சீட்டுல தானம்னு போட்டிருக்கீங்க."

"ஆமா" என்றார்.

அதற்கு மேல் அவரைத் திட்ட எனக்கு வரவில்லை. தப்பை ஒத்துக்கொள்கிற பெரிய மனுஷி ஒருத்தியை அதுவரை நான் பார்த்ததில்லை.

அவர் சொன்னபடியே செய்தேன். பிளாஸ்திரி ஓடும்போது பாப்பாவைக் கீழே வைக்கவில்லை. விரல் நீண்டு தேடும்போது அவளுடைய காதுக்குப் பின்னால் கொண்டுபோய் நிறுத்தினேன். விரல் கேட்ட இடம் அதுதான். வலது காதுக்குப் பின்னால், மடலை ஒட்டி. அங்கே ஒன்றும் இல்லை, வழவழவென்று இருந்தது. இருந்தாலும் தொடாமல் நிறுத்தி ஊதினேன். பாப்பா திடுக்கிட்டாள். பிறகு மூச்சை அடக்கிக்கொண்டு காத்திருந்தாள். மறுபடி ஊதினேன். ஏழாவது பிளாஸ்திரியின்போது, ஊதியதும் என்னைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தாள். வாயுவுக்குச் சிரிக்கிற சிரிப்பு இல்லை. என்னைப் பார்த்து.

மறுநாள் பிளாஸ்திரி இல்லை. ஊதினேன். சிரித்தாள். எனக்குள் என்னவோ ஒன்று அசைந்தது, சின்னதாக, புழு நெளிகிற மாதிரி. அதை யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் போய்விடுமோ என்று பயம்.

ஆனால் ஜெயக்கொடி அண்ணி கண்டுபிடித்துவிட்டார். அன்று அவர் குளிப்பாட்டி முடித்ததும் நான் துண்டோடு கை நீட்டினேன். அதுவரை நான் நீட்டியதே இல்லை.

"என்னாடி, புதுசா இருக்குது?" என்றார். என் கழுத்தைப் பார்த்தார். பிளாஸ்திரித் தடம் சிவந்திருந்தது. "ஓகோ. அழுவாச்சி ரூமுக்குப் போறியா?"

"ஆமாண்ணி."

"உனக்குச் சர்க்காரு பிளாஸ்திரி ஒட்டினாதான் பாசம் வருது. எனக்கு ஒண்ணும் ஒட்டாமலே வருது. இதுல யாருடி அம்மா? நீயே சொல்லு, படிச்சவதானே."

அவர் சொன்னது நியாயம். பாப்பாவின் தலையைத் துவட்டினேன். அண்ணி நனைந்த பாவாடையோடு அப்படியே உட்கார்ந்திருந்தார். அவருடைய இரண்டு காலும் இன்னும் குழந்தையை ஏந்துகிற மாதிரியே நீண்டிருந்தன.

ஒன்பதாவது பிளாஸ்திரி. பாப்பாவைத் தூங்கப் போட்டுவிட்டு, முகம் கழுவக் கண்ணாடியைக் கழற்றினேன். அது ஓடிக்கொண்டிருந்தது. விரல் நீண்டது. பாப்பா கையில் இல்லாததால் விரலுக்குப் போக்கிடம் இல்லை. வழக்கம்போல உறுத்திய இடத்தைத் தேய்க்கலாம் என்று என் காதுக்குப் பின்னால் கொண்டுபோனேன். தேய்க்க முடியவில்லை. விரல் தொடாமல் நின்றது. மயிரிழை தூரத்தில். உதடு குவிந்தது.

விரலை வலுக்கட்டாயமாக அழுத்தினேன். ஒரு பள்ளம். வேப்பங்கொட்டை அளவு. இருபத்தேழு வருடமாக என்னோடு இருக்கிற பள்ளம்.

பெரியம்மாவுக்குப் போன் போட்டேன். என்னை வளர்த்தது அவள்தான்.

"என் காதுக்குப் பின்னாடி ஒரு பள்ளம் இருக்கே, அது என்னா பெரியம்மா?"

"இத கேக்கவா போன் பண்ண? நான் எதோ கொழந்தைக்குதான் ஒடம்பு சரியில்லயோன்னு பதறிட்டன். சூட்டுக் கட்டிடி. சின்னதுல வந்துது."

"எப்ப?"

"உங்கம்மா வண்டி ஏறுனாளே, அப்பதான். நல்லா பழுத்து நின்னுது. நீ தொடவே வுடல, வீல்னு கத்துவ. அவதான் பக்கத்துல வெரல கொண்டுட்டுப் போயி போயி ஊதிக்கிட்டே கெடப்பா. வேன்ல ஏறிக்கூட கதவத் தொறந்துட்டு எறங்கி வந்தா. அக்கா, கட்டி ஒடைஞ்சா மஞ்சளு வச்சி அமுக்கு, வேப்பெண்ண தடவு, வெரலு படாம தடவுன்னு. அவ போயி மூணாம் நாளு ஒடைஞ்சிது."

"எனக்கு அப்ப என்னா வயசு? ஒன்றரைன்னு சொல்லுவ."

"ஒன்றரைக்கு மேல. பங்குனியில பொறந்த, ஐப்பசியில போனா. நீயே எண்ணிக்க, கணக்குப் படிச்சவ."

நான் படித்தது வேதியியல். ஆனால் எண்ணினேன். பத்தொன்பது.

என் அம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். பெயர் அஞ்சலை. நான் வயிற்றில் இருக்கும்போதே அப்பா லாரி விபத்தில் போய்விட்டார். என்னைப் பெரியம்மாவிடம் விட்டுவிட்டு அம்மா வளைகுடாவுக்குப் போனாள், அங்கே வேறு வீட்டுப் பிள்ளைகளை வளர்க்க. ஆறு வருடம் கழித்து வந்தாள். நான் வாசலிலிருந்து ஓடினேன். அவள் பெட்டியைக் கீழே வைத்துவிட்டு, இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு, "நல்லா படிக்கிறியா?" என்று கேட்டாள். பள்ளிக்கூடத்துக்கு வருகிற இன்ஸ்பெக்டர் கேட்கிற மாதிரி.

சோறு போட்டாள். துணி எடுத்தாள். ஆறாம் வகுப்பில் என்னை அரசு விடுதியில் சேர்த்தாள். மாதம் தவறாமல் வந்து பார்த்தாள். ஒரு தடவைகூடத் தொட்டதில்லை. விடுதியில் மற்ற அம்மாக்கள் வந்தால் பிள்ளைகள் மடியில் விழுந்து அழும். எனக்கு முறுக்குப் பொட்டலம் வரும். அவளைப் போல ஆகக் கூடாது என்றுதான் படித்தேன். உண்மையாகவே, அதற்காகத்தான்.

வளைகாப்புக்குப் பிறகு தலைப்பிரசவத்துக்குத் தாய்வீட்டுக்குப் போவது வழக்கம். நான் வர மாட்டேன் என்றேன். அவளும் வா என்று சொல்லவில்லை. பாப்பா பிறந்த மறுநாள் பெண்ணாடத்திலிருந்து ரயிலில் வந்தாள். வயர்கூடையில் பூண்டும் பால்சுறாக் கருவாடும் இருந்தன. கூடையைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டு, பாப்பாவைக் குனிந்து பார்த்தாள். கை பின்னால். நாலு மணி ரயிலுக்குப் போய்விட்டாள். கல்நெஞ்சுக்காரி என்று பிரதாப்பிடம் சொன்னேன்.

அன்று சமையலறைத் தரையில் உட்கார்ந்துகொண்டு, அந்தக் கல்நெஞ்சுக்காரியின் நெஞ்சு என் உடம்புக்குள் ஓடி முடிகிறவரை காத்திருந்தேன். அது என்னைத்தான் தேடிக்கொண்டிருந்தது. என் கை, என் இடுப்பு, என் பால், எல்லாம் என்னைத் தேடின.

"உங்களுக்கு முன்னாடியே தெரியும்" என்றேன் மெஹர் மேடத்திடம்.

"சந்தேகம் இருந்துச்சு. எண்பதுக்கு மேல போனா இரத்த சொந்தமா இருக்கலாம். சொல்ல எனக்கு அதிகாரம் இல்ல."

"திருப்பிக் குடுத்தா அவங்களுக்கு வருமா?"

"யாரும் செஞ்சு பாத்தது இல்ல. யாரோட பதிவுன்னு பேரு பாத்து அவங்ககிட்டயே திருப்பிக் குடுக்கற விதியே இல்ல."

"மீதி மூணு என்கிட்ட இருக்கு."

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். "அது உன் வைத்தியம். இன்னும் ரெண்டு வாரம். நிறுத்தினா உனக்கு வந்தது நிக்குமான்னு என்னால உறுதியா சொல்ல முடியாது. வெள்ளிக்கிழமை வேற வருது."

"எனக்கு வந்தது என்னோடதா, அவங்களோடதான்னு எனக்கும் தெரியணும்ல."

அவர் பேனாவை எடுத்தார். பிறகு பதிவேட்டைத் திறந்தார். "பிளாஸ்திரி மூணு, நோயாளி தொலைச்சிட்டதா சொன்னாங்கன்னு எழுதிக்கிறேன். பேச்சுக்கு மட்டும் வந்துடணும். வாரம் ரெண்டு தடவ. அதுல சமாதானமே கிடையாது." மூடியபின், மேஜையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "அவங்க பேரு எனக்கு ஞாபகம் இல்ல இளவேனில். ரொம்ப யோசிச்சுப் பாத்தேன். அந்த மூணு மாசத்துல நானூறு பேரு."

இரண்டு வாரம் பிளாஸ்திரி இல்லாமல் இருந்தேன். முதல் வாரம் கை காலியாகிவிடும் என்று பயந்து பயந்து பாப்பாவைத் தூக்கினேன். எடை சரியாக இருந்தது. ஐந்து கிலோ. என் கை ஐந்து கிலோதான் கேட்டது. எல்லா நாளும் அப்படி இல்லை. இரண்டு நாள் மறுபடி பூனை மாதிரி இருந்தது. மெஹர் மேடத்துக்குப் போன் பண்ணினேன். "சரி, இன்னிக்குப் பூனையைப் பாத்துக்கோ. நாளைக்குப் பாக்கலாம்" என்றார். மூன்றாம் நாள் திரும்பி வந்தது.

வெள்ளிக்கிழமை காலை அண்ணி பட்டுப்புடவையில் வந்தார். கையில் புது உல்லன் குல்லாய். வெயில் காலத்தில் உல்லன் குல்லாய்.

"குடுக்க மாட்டேன் அண்ணி" என்றேன். சுற்றி வளைத்துப் பேச எனக்குத் தெரியாது.

அவர் கத்துவார் என்று நினைத்தேன். பிரதாப் வாசலில் செருப்பைப் போடுவதும் கழற்றுவதுமாக நின்றான். அண்ணி குல்லாயைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"குளிப்பாட்டவாச்சும் வரலாமா?"

"நீங்க வரலைன்னா யாரு செய்யறது? எனக்குக் காலுல போடத் தெரியாது."

"உனக்கு என்னாதான் தெரியும்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்த் தண்ணீர் விளாவினார். அண்டாவில் கை விட்டபடி அழுதார். நான் பார்க்காத மாதிரி இருந்தேன். அவருக்கு ஒட்ட எந்தப் பிளாஸ்திரியும் இல்லை. அவர் ஏக்கத்தை எடுத்துவிடவும் வழி இல்லை, அவர் கேட்டதைக் கொடுக்கவும் வழி இல்லை. அதையும் இந்தக் கதையில் எழுதத்தான் வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை முதல் ரயிலில் பாப்பாவோடு பெண்ணாடம் போனேன். அம்மா சர்க்கரை ஆலைக்குப் பின்னால் ஒரு வரிசை வீட்டில் வாடகைக்கு இருந்தாள். தெரு முழுக்கக் கரும்புப் பாகு நாற்றம். தரையில் உட்கார்ந்து பூண்டு உரித்துக்கொண்டிருந்தவள் என்னைப் பார்த்ததும் எழுந்தாள். கை பின்னால் போனது.

"சொல்லிட்டு வந்துருந்தா கருவாடு வாங்கி வச்சிருப்பன்."

"கருவாடு வேணாம். உக்காரு. உன்கிட்டப் பேசணும்."

எல்லாவற்றையும் சொன்னேன். அழுவாச்சி ரூம், பிளாஸ்திரி, சீட்டு, பத்தொன்பது மாதம். அவள் பூண்டுத் தோலைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

"அந்த முகாம் உனக்கு ஞாபகம் இருக்கா?"

"இருக்குது. தலையில கம்பி மாட்டுனாங்க. முக்காடு போட்ட ஒரு சின்னப் பொண்ணு, நல்ல பொண்ணு, மனசு லேசாவும்க்கான்னுது. லேசாதான் ஆச்சு." தோலை ஊதித் தள்ளினாள். "அங்கப் போயி மத்த பொம்பளைங்கல்லாம் அழுவாளுங்க. நான் நல்லா சாப்புட்டன். நல்லா வேல செஞ்சன். திரும்பி வந்து உன்னப் பாத்தன். எதோ செய்யணும்னு தெரியுது. என்னா செய்யணும்னு தெரியல. செவுத்துல ஆணி இருக்குது, அதுல என்னா மாட்டியிருந்துதுன்னு தெரியல. அப்பிடி."

"ஏன் இதை என்கிட்டச் சொல்லவே இல்ல?"

"என்னான்னு சொல்றது? உன்மேல ஒண்ணும் தோணலடின்னா?"

நாற்பத்தொரு நாள் நான் யாரிடமும் சொல்லாத அதே வார்த்தை. அவள் இருபது வருடமாகச் சொல்லாமல் வைத்திருந்தாள். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, மாதாமாதம் முறுக்குப் பொட்டலத்தோடு பஸ் ஏறி வந்திருக்கிறாள். ஒன்றும் தோன்றாமலே.

பையிலிருந்து பிளாஸ்திரியை எடுத்துக் காட்டினேன். "இதுல உன்னோடது இருக்கு. வேணும்னா ஒட்டறேன். வேணாம்னா தூக்கிப் போட்டுடலாம். வராமலும் போகலாம்."

அதைக் கையில் வாங்கி முன்னும் பின்னும் பார்த்தாள். "வலிக்குமா?"

"வலிக்கும்."

"ரொம்பவா?"

"ரொம்ப."

"எடுக்கறப்ப வலிக்கல" என்றாள். கொண்டையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு எனக்குக் கழுத்தைக் காட்டினாள்.

ஒட்டினேன். அவள் மறுபடி பூண்டு உரிக்க உட்கார்ந்தாள். பாப்பா என் மடியில் கிடந்து விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பத்து நிமிடம் ஆயிற்று. இருபது நிமிடம். ஆலைச் சங்கு ஊதியது. வராது போலிருக்கிறது என்று நினைத்தேன். ரயிலுக்கு எத்தனை மணி என்று பார்த்தேன்.

பூண்டு கையிலிருந்து விழுந்தது.

அம்மா எழுந்தாள். எழுந்தவளின் இடது இடுப்பு ஒருபக்கம் சாய்ந்தது. கை வட்டம் போட்டது. பாப்பாவைத் தூக்கிக் கொடுக்கலாம் என்று நகர்ந்தேன். அவள் பாப்பாவைப் பார்க்கவில்லை. என் முன்னால் வந்து மண்டியிட்டாள். என் கண்ணாடியைக் கழற்றித் தரையில் வைத்தாள். வலது காதுக்கு மேலிருந்த முடியை ஒதுக்கினாள். ஒரு விரல் நீண்டு, மயிரிழை தூரத்தில், தொடாமல் நின்றது.

ஊதினாள். பூண்டு வாசனை.

"ஒடைஞ்சுதா?" என்றாள். குரல் அவளுடையதாக இல்லை. இருபத்தாறு வயதுக் குரல். "ஆறிடுச்சா பாப்பா?"

வேப்பங்கொட்டை அளவுப் பள்ளம் அவள் கண்ணுக்கு நேராக இருந்தது. நான் பொய் சொல்கிறவள் இல்லை.

"இன்னும் இல்லம்மா" என்றேன்.

மறுபடி ஊதினாள்.